தண்ணீர்மலையைக் குப்பை லாரியில் ஏற்றிய கதை

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.30

பினாங்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் சாப்பிடத்தான் வருகிறார்கள் என்பது பினாங்குக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஜார்ஜ்டவுன் படகுத்துறையில், எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அந்த நம்பிக்கைக்காரர்தான். லிட்டில் இந்தியாவில் மசாலாக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர். நான் மணப்பாறையிலிருந்து விடுமுறையில் வருகிறேன் என்றதும் எந்தெந்தக் கடையில் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று விரல் விட்டு அடுக்க ஆரம்பித்தார். நான் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"பினாங்குக்கு வந்துட்டு பள்ளிக்கூடமா? லீவு எடுத்தது எதுக்கும்மா?"

நியாயமான கேள்விதான். நான் பதினெட்டு வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். விடுமுறை எடுத்து, கைக்காசைப் போட்டு டிக்கெட் வாங்கி, கடல் தாண்டி வந்து இன்னொரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகிற பைத்தியம் வேறு யார் இருப்பார்கள்? தேவிகா கூப்பிட்டார், வந்தேன். இணையவழி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பழக்கமானவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாலர் வகுப்பு ஆசிரியை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பதினொரு பேர். அவர் வகுப்பில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள், அதுதான் பாடம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அதில் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். பள்ளியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் அங்கே செய்த காரியத்துக்கு அதுதான் மரியாதை.

கால் மணி நேரத்தில் அக்கரை. வகுப்பு முடிந்த கையோடு காரில் வந்து காத்திருந்தார் தேவிகா. அங்கே தமிழர்கள் காரைக் 'காடி' என்கிறார்கள். "அக்கா, காடியில ஏறுங்க" என்றதும், மாட்டுக்குத் தீனி வைக்கும் காடியை மட்டுமே அறிந்த நான் மாட்டைத் தேடினேன். தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. எதிரே வந்ததெல்லாம் மோட்டார் சைக்கிள்கள்.

வழியில்தான் கணேசனைப் பற்றிச் சொன்னார். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் இயந்திரம் பொருத்தும் வேலை பார்ப்பவர். அவருடைய மகள் யாழினி, தேவிகாவின் வகுப்பில் படிக்கும் ஐந்து வயதுக்காரி.

"செவ்வாக்கெழம அந்தப் பிள்ளைய நிறுத்தப் போறாருக்கா. டவுன்ல ஒரு பாலர் பள்ளியில எடம் வாங்கிட்டாரு. பக்கத்து வீட்டுப் பிள்ள அங்க போயி நூறு வரைக்கும் எழுதுதாம். யாழினி வீட்டுக்கு வந்தா சட்டையில பெயிண்டுதான், பையில ஒரு பேப்பர் இல்லன்னு கோவம். அவ போனா அதே வேன்ல இன்னும் ரெண்டு பிள்ளைங்க போயிரும்."

"நீங்க பேசிப் பார்க்கலையா?"

"பேசினேன். திங்கக்கெழம காலையில வந்து பாருங்கன்னேன். அதுக்கு மட்டும் சரின்னிருக்காரு. ஷிப்டுக்குப் போறதுக்கு முந்தி ஒன்றரை மணி நேரம். அந்தப் பிள்ளைங்க மூணு வாரமா ஒண்ணு செஞ்சிட்டு இருக்காங்க. அதப் பாத்தாருன்னா போதும்லா."

என்ன அது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், திங்கட்கிழமை நீங்களே பாருங்கள் என்று சிரித்தார். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சனிக்கிழமை, காலை 7.45

மலேசியாவில் கோத்தோங் ரோயோங் என்று ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஊர்கூடி ஒரு பொது வேலையைச் செய்து முடிப்பது. அன்றைக்குப் பள்ளியில் அதுதான். இருபது பெற்றோர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். புல் வெட்டும் இயந்திரம், தண்ணீர்க் குழாய், விளக்குமாறு, வாளி. குப்பை ஏற்றத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி. எல்லாருக்கும் காலைச் சாப்பாடாக மீகூன் என்கிற அரிசிச் சேமியாப் பொட்டலம் வாங்கிவரத் தேவிகா டவுனுக்குப் போனார். தலைமையாசிரியர் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் தேநீரைக் கொடுத்து, "நீங்க விருந்தாளி டீச்சர், சும்மா உக்காருங்க" என்றார்.

நான் சும்மா உட்காரும் ரகம் இல்லை. நாலு பேர் வேலை செய்யும்போது உட்கார்ந்திருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதிலும் சுத்தம் என்றால் எனக்கு ஒரு வெறி. என் வகுப்பறையில் அட்டைகள் ஓரம் பிசகாமல் அடுக்கி இருக்கும்; எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் மற்ற ஆசிரியர்களைக் கூட்டி வந்து காட்டுவார். தேநீரைக் குடித்துவிட்டு ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாலர் வகுப்பின் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

அங்கே கண்ட காட்சி! ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய கிழிசல் அட்டைப்பெட்டிகள். குவியல் குவியலாகப் பாட்டில் மூடிகள். கொட்டாங்கச்சிகள். தூணுக்குத் தூண் குறுக்கே கட்டிய கயிறுகள், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில். தரையெல்லாம் கூழாங்கல், வண்ணக் காகிதம், தென்னை ஈர்க்கு. கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் கிடையாது என்று பட்டது.

பக்கத்தில் சன்னல் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"அதத்தான் டீச்சர் நானும் மூணு வாரமாக் கேக்குறேன்" என்றார். அவர்தான் கணேசன்.

"எடுத்துடலாமா?"

"நீங்க சொன்னா சரிலா. நீங்க தமிழ்நாட்டு டீச்சர்."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. மற்றவர்களுக்கும் போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டு டீச்சர் சொல்லிவிட்டார் என்று ஐந்து பேர் ஓடி வந்தார்கள். ஒரு தாய் மட்டும் கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "பிள்ளைங்க ஏதோ வெளாடுறது போல டீச்சர்..." "புதுசா விளையாடட்டும்மா" என்றேன் நான், பெருந்தன்மையாக. இருபது நிமிடத்தில் எல்லாம் லாரியில். கயிறுகளை அவிழ்த்து, தரையை மருந்து போட்டுக் கழுவி, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. கணேசன் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

தேவிகா மீகூன் பொட்டலங்களோடு திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. தாழ்வாரத்தின் முனையில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"இங்க இருந்தது எங்கக்கா?"

"குப்பையா? எல்லாத்தையும் அள்ளிட்டோம்" என்றேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அது குப்பை இல்லக்கா. அதுதான் தண்ணீர்மலை."

தைப்பூசம் முடிந்து வந்த பிள்ளைகள், ஜார்ஜ்டவுனில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ரதம் போகும் ஊர்வலம் முழுவதையும் அந்தத் தாழ்வாரத்தில் கட்டியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டி அடுக்கு, ரதம். பாட்டில் மூடிகள், வழிநெடுக உடைக்கப் பத்துப் பத்தாகக் குவித்த தேங்காய்கள். கொட்டாங்கச்சிகள், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும் கிண்ணங்கள். கயிறுகள், சாலைக்குக் குறுக்கே போகும் மின்கம்பிகள். கணேசனுக்குக் காட்ட வைத்திருந்தது அதைத்தான்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. லாரி ஓட்டுநருக்குப் போன் போட்டோம். அப்போதே கொட்டிவிட்டு வந்துவிட்டேன் என்றார். அதன்மேல் இன்னும் இரண்டு லாரி கொட்டியாகிவிட்டதாம். தேவிகா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.00

லிட்டில் இந்தியாவில் ஒரு தோசை இரண்டு வெள்ளி நாற்பது காசு, தே தாரிக் என்ற நுரைத் தேநீர் இரண்டு வெள்ளி. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். சாப்பிட்டதும் தேவிகாவைக் கையைப் பிடித்து ஒவ்வொரு கடையாக இழுத்தேன். பெரிய அட்டைப்பெட்டி, ஜிகினாத் தாள், முடிந்தால் ஒரு பொம்மை ரதம், எதையாவது வாங்கி ராத்திரிக்குள் கட்டி வைத்துவிடலாம் என்பது என் திட்டம். ஒரு கடையில் பொம்மை ரதமே கிடைத்தது. நூற்றுப் பத்து வெள்ளி. பர்ஸைத் திறந்துவிட்டேன்.

தேவிகா பர்ஸை மூடினார். "வேணாங்கா. நீங்க வாங்கிக் குடுத்தா அது உங்க ரதம். அவங்க வெளாட மாட்டாங்க, தொட்டுப் பாத்துட்டுப் போயிருவாங்க."

"அப்ப நாளைக்குக் கணேசனுக்கு எதைக் காட்டுவீங்க?"

"தெரியல."

கடையிலிருந்து வெளியே வந்து, ரதம் போகும் வழியிலேயே காரை ஓட்டினார். டத்தோ கிராமாட் சாலை வழியாக, தண்ணீர்மலைச் சாலை வரை. தைப்பூசத்தன்று இந்தச் சாலையில் தேங்காய்ச் சில்லுமேல்தான் நடக்க வேண்டும் என்றார். தாழத் தொங்கும் கம்பியையும் கிளையையும் நீளக் கம்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரதத்துக்கு முன்னால் ஆட்கள் போவார்களாம். மலைமேல் முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. மூச்சு வாங்க ஏறி, எனக்காக ஒன்றும் கேட்காமல், யாழினி அந்த வகுப்பிலேயே இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். மேலேயிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை.

திங்கட்கிழமை, காலை 7.50

பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். ஓடிய சத்தம் அப்படியே நின்றது. குகன் என்ற பையன் முதலில் அழ ஆரம்பித்தான். கணேசன் தொழிற்சாலைச் சீருடையில், கையில் ஹெல்மெட்டோடு, சுவரோரம் நின்றிருந்தார். தேவிகா ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். எனக்காக எதுவும் சொல்ல மாட்டார் என்று புரிந்தது. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"நான்தான் தூக்கிப் போட்டேன். குப்பைன்னு நினைச்சுட்டேன். தப்பு."

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி என் எதிரில் வந்து நின்றாள். கணேசனின் மூக்கு அப்படியே இருந்தது; யாழினிதான்.

"ஏன் எங்ககிட்ட கேக்கல?"

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ அதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "கேட்டிருக்கணும்" என்றேன்.

யாழினி என்னை மேலும் கீழும் அளந்தாள். "சரி. நீங்க வயர் தூக்குங்க." ஒட்டடைக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அது தண்டனையா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குகன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய ரதத்தில் சக்கரமே சரியில்லை என்றான். இரண்டு பேர் ஓடிப்போய்ச் சக்கரம் வைத்த துடைப்பான் வாளியை உருட்டி வந்தார்கள். மூன்று பேர் சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் ரொட்டிக் கூடைகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். ஒரு கூடையில் யார் உட்காருவது என்று சண்டை வந்தது, சாமி மட்டும்தான் உட்காரலாம் என்று தீர்ப்பும் வந்தது. தேங்காய்க்குச் செம்பனைக் காய் பொறுக்கினார்கள். எட்டுதான் இருக்கிறது, பத்துக்கு இன்னும் ரெண்டு வேண்டும் என்று ஒருத்தி சத்தம் போட்டாள். கயிறுகளை மறுபடியும் கட்டினார்கள். நான் ஒவ்வொரு கயிற்றையும் கம்பால் தூக்கிப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். தேவிகா எழுதிக்கொண்டே இருந்தார்.

கணேசன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுத்து எப்ப டீச்சர் ஆரம்பிப்பீங்க?" என்றார். அதற்குள் யாழினி அவர்முன் போய் நின்றாள்.

"அப்பா, ஹெல்மெட் குடுங்க. ரதத்துக்கு மேல வைக்கணும்."

"அது வேலைக்குப் போறதும்மா."

"ஊர்வலம் முடிஞ்சதும் குடுத்துருவோம்."

பதினொரு ஜோடிக் கண்களும் அவரையே பார்த்தன. கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு ஹெல்மெட்டை விட்டு எட்டி நிற்க மனசில்லை, ரதத்தின் பக்கத்திலேயே வந்து நின்றார். அடுத்த நிமிடம் இழுக்கும் கயிறு அவர் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

முதல் கம்பியை நான் தூக்கினேன், ரதம் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தூண்களில் உயரமாகக் கட்டியிருந்தது. அதைத் தூக்க வேண்டியதில்லை என்று எனக்கும் தோன்றியது.

"போகும், போகும்" என்றார் கணேசன்.

"போகாதுப்பா" என்றாள் யாழினி. என் கையிலிருந்த ஒட்டடைக் கம்பை வாங்கி ரதத்தின் பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டின் உச்சிக்கு நேரே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினாள். கம்பைத் தூக்கிப்போய்க் கயிற்றின் அருகில் நிறுத்தினாள். ரப்பர் வளையம் கயிற்றுக்கு மேலே நாலு விரற்கடை நின்றது. "பாத்தீங்களா?"

கணேசன் பார்த்தாரா, பார்க்காமலே இழுத்தாரா தெரியவில்லை. இழுத்துவிட்டார். கயிறு ஹெல்மெட்டில் மாட்டி, ஹெல்மெட் கூடையில் இடித்து, ரதம் முழுவதும் சரிந்து, செம்பனைக் காய்கள் தாழ்வாரம் பூராவும் உருண்டன. குகன் சிரித்துக்கொண்டே தரையில் விழுந்தான். அவனைப் பார்த்து எல்லாரும் விழுந்தார்கள்.

"நான்தான் சொன்னேன்ல!" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள் யாழினி.

கணேசன் சிரிக்கவில்லை. ரப்பர் வளையம் மாட்டிய கம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். தரையில் நிறுத்திப் பார்த்தார். பிறகு தேவிகாவிடம் போனார்.

"டீச்சர், இத யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. பழைய ரதம் ரெண்டு தடவ மோதி விழுந்திச்சி. மூணாவது தடவ அவளே கம்ப எடுத்துட்டு வந்தா." நோட்டில் அந்த நாளின் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

அவர் நின்றபடியே படித்தார். "நாங்க மெஷின் ஏத்துறப்ப வாசல் ஒசரத்த இப்படித்தான் பாப்போம்" என்றார் மெதுவாக. "புதுசா வர்ற பசங்களுக்கு இதச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கும்."

யாழினி இங்கேயே தங்கிவிடுவாள், எல்லாம் முடிந்தது என்று நான் மனதுக்குள் தேங்காயே உடைத்துவிட்டேன். ஆனால் மனிதர் ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாக்கலாம் டீச்சர், நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். தேவிகா வாசலில் நின்று அந்தச் சத்தம் செம்பனைக்குள் தேயும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் பன்னிரண்டு மணி வரை கம்பி தூக்கினேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. இடையில் ஒரு முறை கையை இறக்கியதற்குத் திட்டும் வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை, காலை 9.40

தேவிகாவுக்கு வகுப்பு இருந்ததால் நிபோங் திபாலிலிருந்து ரயிலில் தனியாகப் பட்டர்வொர்த் வந்தேன். ஐந்து வெள்ளிக்குள்தான் டிக்கெட். மாலையில் விமானம். படகின் மேல்தளத்தில் காற்று நன்றாக இருந்தது. மனசு மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. டவுன் வேன் ஏழு மணிக்கே யாழினியின் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். கேட்டு ஒரு செய்தி அனுப்பலாம் என்று இரண்டு முறை போனை எடுத்து, பதிலுக்குப் பயந்து பைக்குள் போட்டேன்.

என் வகுப்பை நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு பிள்ளைகள். தண்ணீர் குடிக்கவும் என்னிடம் அனுமதி கேட்பார்கள், நான் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்வேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர்களில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. நான் தவறே செய்யாததால் கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூச்சமாக இருந்தது.

படகு தீவை நெருங்கும்போது போன் அதிர்ந்தது. தேவிகாவின் குரல் செய்தி. காதில் வைத்தேன். பின்னணியில் ஒரே இரைச்சல், வாளிச் சக்கரம் உருளும் சத்தம். பிறகு, பல் இல்லாத வாயிலிருந்து காற்றுக் கலந்த குரல்:

"தமிழ்நாட்டு டீச்சர், நீங்க போனதுக்கு அப்புறம் வயர் தூக்க ஆளு இல்ல. அதனால எங்கப்பா வந்திருக்காரு. ஷிப்ட் மாத்திட்டாரு. அவரு நல்ல ஒசரம்லா. ஆனா கம்பு இன்னிக்கித்தான் பழகுறாரு. அப்பா! கைய எறக்காதீங்க, ரதம் வருது!"

மூன்று முறை கேட்டேன். பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி ஏதாவது கெட்ட செய்தியா என்று சைகையில் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு எப்படி விளக்குவது? என் வேலை போய்விட்டது, எனக்குப் பதிலாக என்னைவிட உயரமான ஆளைப் போட்டுவிட்டார்கள், வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் இழந்ததில்லை.